பின்வாசல் பூட்டு

– எனக்கு ஒண்ணுதான் மேடம் புரியல. செஞ்சி பஜாருல இத்தினி பேரு இருக்க, உங்களப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுத என் ஜவுளிக்கடதான் கெடச்சுதா?

– காலேஜ்ல அப்படிக் கேக்குறாங்க, கனகராஜ் அண்ணே. பொதுப் பாதுகாப்பு நிர்வாகம்னு மேல்படிப்பு. ஒரு சிபாரிசு எங்க ஃபயர் சர்வீஸ் ஆபீசருகிட்ட வாங்கிட்டேன். இன்னொண்ணு ஊருல ஒரு வியாபாரி தரணும். என் வேலய நேருல பாத்தவரா இருக்கணுமாம்.

– நான் பாத்தவன் இல்ல மேடம், பட்டவன். போன தீவாளிக்கு மாடிப்படில அடுக்குன வேட்டிக்கட்டு அத்தினியும் எறக்க வெச்சது யாரு?

– நான்தான்.

– வாசல்ல தொங்கவுட்ட நைட்டியெல்லாம் உள்ள தள்ளுனது?

– நான்தான்ணே.

– பின்வாசல் பூட்ட வெட்டி எடுத்துனு போனது?

– அதுவும் நான்தான்.

– நாயமா அது? வெளக்கு வெக்கிற நேரத்துல பின்வாசல சாத்தலன்னா, முன்வாசல்ல வர்ற மகாலட்சுமி நிக்காம பின்னால போய்டுவா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து பூட்டுற கதவு.

– சாத்திக்கங்கன்னுதானே சொன்னேன். பூட்டு போடாதீங்கன்னேன்.

– ஏங்க, கடைக்கு வந்த பொண்ண நிக்க வெச்சே சண்டை வலிக்கிறீங்களே. நீ ஒக்காரு ஜெயசுதா. இவரு கெடக்குறாரு.

– இருக்கட்டும் உண்ணாமலை அக்கா. டயம் இல்ல. இன்னிக்கு சாயந்தரத்தோட முடியுது. அண்ணே போனுக்கு லிங்க் வந்திருக்கும், எழுதி அனுப்புனா போதும். போன வருசமே இந்த ஒண்ணு வராமதான் எனக்கு சீட்டு போச்சு.

– பஜாருல வேற யாரும் தரலியா?

– எல்லாரு கடைப் பூட்டயும் நான்தானேக்கா வெட்டுனேன்.

– அப்ப எல்லாரும் கைவிட்டப்பறம்தான் என் ஞாபகம் வந்துதா? சரி, இருக்குற உத்தியோகம் போதாதா மேடம்? எதுக்கு இன்னொரு படிப்பு?

– நெருப்பு புடிச்சா ஓடியாந்து அணைக்கத் தெரியும்ணே. புடிக்காமலே பாத்துக்கறது எப்படின்னு மொறயா யாரும் சொல்லித் தரல. அமாவாசைக்கு மேல்மலையனூரு கோயில்ல டூட்டி போட்டா, அத்தினி சனம் நல்லபடியா வூடு போய்ச் சேர்ற வரைக்கும் நான் ஒரு எடத்துல ஒக்கார மாட்டேன். இத மட்டும் படிச்சே ஆவணும்ணே. எனக்கு வேற ஆச இல்ல.

– எத்தினி வருசப் படிப்பு?

– ரெண்டு வருசம்.

– ரெண்டு வருசம்னா... ரெண்டு தீவாளி.

– ஆமாண்ணே.

– காலேஜு எங்க?

– சென்னைல. ஆனா நான்...

– அதெல்லாம் அப்புறம். உண்ணாமல! என் மூக்குக்கண்ணாடிய எடு. மேடத்துக்கு டீ சொல்லு. வடையும் சேத்து சொல்லு.

– அய்ய, இம்மா நேரம் மொறச்சினு இருந்த மனுசனா இது?

– படிக்கப் போற பொண்ண தடுக்குறது பாவம்டி. சொல்லுங்க மேடம், இன்னா எழுதணும்?

– நான் சொல்லக் கூடாதுண்ணே. உங்க மனசுல பட்டத எழுதுங்க.

– சரி, வாயால சொன்னா போனே எழுதிக்கும். "ஐயா, ஜெயசுதா மேடம் பெரிய தெறமசாலி. செஞ்சி மாதிரி சின்ன ஊரு அவங்களத் தாங்காது. சென்னைதான் சரி. தயவுபண்ணி உடனே எடுத்துக்கவும்."

– இன்னாங்க இது, மாட்டத் தள்ளி வுடற மாதிரி?

– நீ சும்மா இரு. அடுத்து இன்னா கேக்குறான்... "இவரது பணியால் நீங்கள் அடைந்த நன்மை." நன்மையா? எனக்கா?

– தை மாசத்த மறந்துட்டீங்களா? வாசல் போர்டுல வயரு பத்திக்கினு கடை முழுக்கப் பொக மூடுச்சே. நம்ம கடைப் பொண்ணுங்களும் நானும் எப்படி வெளிய வந்தோம்?

– பின்வாசல்ல.

– பூட்டியிருந்தா?

– இரு. கண்ணாடி மங்குது, தொடச்சிக்கறேன்.

– கண்ணாடி நல்லாத்தான் இருக்குது. கண்ணத் தொடைங்க.

– எழுதிக்கோ போனே. "மகாலட்சுமி பின்வாசல்ல போய்டுவான்னு பூட்டுனேன். இந்தப் பொண்ணு அந்தப் பூட்ட எடுத்துச்சு. என் வூட்டு மகாலட்சுமி அந்தப் பின்வாசல் வழியாத்தான் பொழச்சு வந்தா. இவங்களுக்கு சீட்டு குடுக்கலன்னா வேற யாருக்குக் குடுப்பீங்க?" போதுமா?

– போதும்ணே. இதுக்கு மேல யாரு எழுதித் தருவாங்க?

– த்தோ அனுப்பிட்டேன், பச்சை டிக்கு வந்துடுச்சு. நல்லா படிம்மா. ஆனா அனுப்புனப்பறம் மனசு ஒரு மாதிரிதான் இருக்குது. நீ இல்லாத பஜாரு வெறிச்சுனு கெடக்கும்.

– இவரு பேச்ச நம்பாத ஜெயசுதா. ஆடித் தள்ளுபடி சரக்கு காலைலயே வந்து எறங்கிடுச்சு. மாடிப்படிய ஏக்கமா பாக்குறாரு பாரு.

– அது கெடக்குது வுடு. எப்பம்மா கெளம்பற? திண்டிவனம் வரைக்கும் நானே வண்டில கொண்டாந்து வுடறேன்.

– எங்கண்ணே கெளம்பறது? அததான் அப்பவே சொல்ல வந்தேன். இது வேலைல இருந்துனே படிக்கறது. ஞாயித்துக்கெழம போன்லதான் கிளாசு.

– இன்னாது?

– அதோட, ஏதாச்சும் ஒரு கடைத்தெருவ எடுத்து, ரெண்டு வருசமும் வாரா வாரம் சோதிச்சு எழுதணுமாம். நம்ம தெருவத்தான் குடுத்திருக்கேன். டீ வர்றதுக்குள்ள அந்த மாடிப்படிலேர்ந்து ஆரம்பிச்சிடலாமாண்ணே?