தொடலாம்

இந்தத் தே தாரிக் டீயில் சீனி அளவாக இருக்கிறது, ஐயா. நீங்கள் கேள்வி கேட்டுக் களைக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடம் பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். முதுகு போன பிறகு சூலியா தெருவில் முகம்மது கனியின் கடைக்கு வந்தேன். பழைய கலர் டிவிகளைப் பழுது பார்த்து விற்பவர் அவர். ஹோட்டல்காரர்கள் அழகுக்கு வாங்கி வைப்பார்கள். யாராவது வீசிய பெட்டியில் பிக்சர் டியூப் நன்றாக இருந்தால் கழற்றி வேறு பெட்டிக்குப் போடுவோம். டியூப் பொல்லாதது. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் காத்திருக்கும். எர்த் கம்பியால் அதை இறக்கிவிட்டு, டியூபின் முதுகில் சாக்கட்டியால் 'தொடலாம்' என்று எழுத வேண்டும். எங்கள் கடைச் சட்டம் அது. ஐம்பத்திரண்டு வயதில் நான் எழுதக் கற்ற முதல் சொல்லும் அதுதான்.

இரண்டாவது, என் பெயர். பழுது பார்த்தவர் பெயரைப் பின்மூடியில் எழுதுவது வழக்கம். நாற்பது நாள் தனியாக உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு உயிர் கொடுத்தேன். வெள்ளைப் பெயிண்டால் 'வாசு' என்று எழுதினேன்.

கனி சிரித்தார். "என்ன அண்ணே, கோழி நடந்த மாதிரி இருக்கு?"

"என் பேருதானே, முதலாளி."

"தூக்கிட்டு வர்றவரு பேரு யாருக்கு வேணும் லா?"

தின்னர் துணியால் துடைத்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையெழுத்து உண்மையிலேயே அழகு.

மறுநாள், வெளிச்சம் நன்றாக விழும் என்று மாடியில் இருந்த மேசையைப் படிக்கட்டு ஓரமாக நகர்த்தினேன். செங்குத்தான மரப்படி. ஒரு டியூபை ஓட்டிப் பார்த்து அணைத்தேன். கம்பி வைக்கவில்லை. 'தொடலாம்' என்று எழுதினேன்.

"அட, அச்சு மாதிரி இருக்கே! படிச்ச ஆளாயிட்டீங்க அண்ணே," என்று கனி சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் விரலை விட்டார். கரண்ட் உதறித் தள்ளியது, அவ்வளவுதான். மிச்சத்தைப் படிக்கட்டு பார்த்துக்கொண்டது. நான் ஒரே ஒரு சொல் எழுதினேன். நம்பியது அவர்.

அவரைச் சுமந்த சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். தூக்குகிற ஆள்தானே. "உங்க மேல உசிரையே வச்சிருந்தாரு அண்ணே," என்று அவர் மனைவி ஹபீபா பீவி அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

எல்லோரும் விபத்து என்றார்கள். இந்த வேலையும் என் பெயர் இல்லாமல் போய்விடும் போலிருந்தது. அதனால்தான் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். நான்தான் செய்தேன், ஐயா.

கைநாட்டு வேண்டாம், பேனாவைக் கொடுங்கள். இரண்டே எழுத்து. துடைத்துவிடாதீர்கள். மை காய்ந்ததும் தொடலாம்.