உறைமோர்

எழுபதுகளின் கடைசியில், திருநள்ளாறு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னாள்: "வீட்ல தயிர் இருக்குங்க. இருந்தாலும் தினம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி எதிர்வீட்ல போயி உறைமோர் கேட்டு வாங்கிக்குவேன்."

"எதுக்குங்க?"

"விழிதியூர விட்டு காரைக்காலுக்குக் குடிவந்தோம். எங்க வீட்டுக்காரரு கப்பல் வேலைக்குப் போயிட்டாரு, நான் மட்டுந்தான். எங்க வீட்டுப் பின்கட்டுல தனியா குடியிருந்த ஒருத்தங்க செத்துக் கெடந்தது, நாத்தம் வந்தப்புறந்தான் தெரிஞ்சுது. அன்னையிலேருந்து பயம். ஒருநாள் மோருக்கு வரலேன்னா, என்னாச்சுன்னு வந்து எட்டிப் பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்க."

"நேத்தும் முந்தாநாளும் காய்ச்சல். எந்திரிக்கவே முடியல. போகல."

"வந்தாங்களா?"

"இன்னிக்குக் காலையில நான் வாசலுக்கு வந்தப்பத்தான் பாத்தாங்க. 'இப்பல்லாம் உங்க வீட்டுத் தயிர்லேயே உறை குத்திக்கிறீங்களா? நல்லதாப் போச்சு'ன்னாங்க."