அக்சாவின் கைராசி

எங்கள் நிறுவனத்தில் நான் அனுப்பும் வெள்ளிக்கிழமை மின்மடலை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல்தான் அனுப்புவேன். முதலில் வளாகச் செய்திகள், யார் வாய்மொழித் தேர்வை முடித்தார், யாருடைய கட்டுரை வெளிவந்தது என்று. நடுவில் உதவிகள். கடைசியில் வாய்ப்புகள். ஆய்வு மாணவர்கள் செய்தியில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரே வாய்ப்புகளுக்குத் தாவிவிடுவார்கள். நடுப்பகுதியைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். என் பெயரும் என் அறை இருக்கும் இடமும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கும்.

கண்ணுச்சாமி ஐயா, விசாரணைக் குழுவில் மற்ற இருவரும் ‘நீதான் செய்தாயா’ என்றே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவரான நீங்கள் மட்டும்தான் ‘ஏம்மா செஞ்சே?’ என்று கேட்டீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் உங்களுக்காகவே இதை எழுதித் தருகிறேன்.

நானும் இந்த நிறுவனத்துக்கு ஆய்வு மாணவியாக வந்தவள்தான். காலம் முடிந்தது, ஆய்வு முடியவில்லை. பாண்டிசெல்வி பாவம், இத்தனை வருடம் இருந்துவிட்டாள் என்று இரக்கப்பட்டு, ஆய்வு மாணவர் நல மையத்துக்கு ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். மையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நுண்ணுயிரியல் ஆய்வகத்தை ஒட்டியிருந்த பழைய சாமான் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, டீ போட ஒரு கெட்டில், முதலுதவிக்கான ஐஸ் பைகளை வைக்க ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். ஆய்வகத்தின் பெரிய ஃப்ரீசர் நின்ற பக்கத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. அதன் ஒயர் சுவரில் போட்ட ஓட்டை வழியாக என் அறைக்குள் வரும். சுவிட்ச் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. “அக்கா, பாத்துக்கோங்க” என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பார்த்துக்கொண்டேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல். இதை நீங்கள் நம்ப வேண்டும். தீபாவளி விடுமுறைக்கு முன்னால் அறையைப் பெருக்கியபோது துடைப்பக் கட்டை பட்டு சுவிட்ச் அணைந்துவிட்டது. திரும்பி வந்த அன்று காலையில்தான் பார்த்தேன். யாரும் வரும் முன்னால் போட்டுவிட்டேன். உள்ளே உருகியதெல்லாம் மறுபடியும் உறைந்துவிட்டது. அடுத்த மாதம் ஆல்வின் என்கிற பையன் முதன்முதலாக என் அறைக்கு வந்தான். தன் சோதனைகள் எதுவுமே சரியாக வரவில்லை என்று மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். தினமும் வந்தான். மூன்று மாதத்தில் தேறிவிட்டான். பிறகு எல்லாவற்றையும் புதிதாகச் செய்து, பட்டமும் வாங்கிவிட்டான். தன் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஆண்டவருக்கும் பெற்றோருக்கும் அடுத்தபடி என் பெயரைப் போட்டிருந்தான். அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சுவரில் ஒட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அவன் போன பிறகு யாரும் வரவில்லை. எல்லோருக்கும் ஆய்வு நன்றாக நடந்தது. நல்ல வருடம் என்று டைரக்டர் மேடையில் பேசினார். நான் அறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ‘மையத்துக்கு ஆளே வருவதில்லையே, தேவைதானா’ என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்தது. அடுத்த விடுமுறைக்குக் கிளம்பும்போது நாற்காலிக்குப் பின்னால் கையை நீட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பிறகு சில பேர் வந்தார்கள். யாரும் பெரிதாகக் கெட்டுப்போய்விடவில்லை. ஆறு மாதம் தாமதம், கொஞ்சம் அழுகை, அப்புறம் மறுபடியும் வேலை. ஒடிந்து வந்தவர்களை நிமிர்த்தித்தான் அனுப்பியிருக்கிறேன். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் என்னைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்வார்கள்.

அக்சாவின் விஷயம் வேறு. சோழபுரத்துப் பெண். பேராசிரியர் ராஜரத்தினத்தின் மாணவி. மலையடிவார மாந்தோப்பு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து மாம்பழம் அழுகாமல் தடுக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டதெல்லாம் துலங்கும். ஆய்வகத்தில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட என் அறைக்குள் தலை காட்டியதில்லை.

ஒரே ஒரு முறை வாசல்வரை வந்தாள்.

“அக்கா, நீங்க மடல்ல போட்டதப் பாத்துத்தான் அந்த ஜெர்மனி ஃபெல்லோஷிப்புக்கு அனுப்புனேன். கெடச்சிருச்சு. ஜூனுக்குள்ள தீசிஸ் குடுத்துட்டா போயிரலாம்.”

“உள்ள வாட்டி. செத்த நேரம் உக்காரு, டீ போடுதேன்.”

“பொறவு வாரேன்க்கா. மெஷின்ல போட்டுட்டு வந்திருக்கேன்.”

பொறவு வரவில்லை. வயிறு எரிந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எரிந்தது. ஆனால் அதைவிடக் கவலைதான் அதிகம். தோற்பது என்றால் என்னவென்றே தெரியாத பெண். பாஷை தெரியாத ஊரில், பனியில், முதல் தோல்வி வந்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? உடைவதாக இருந்தால் நான் பக்கத்தில் இருக்கும்போதே உடையட்டும் என்று நினைத்தேன். பெற்ற தாய்கூட இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டாள்.

பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். நான் சுவிட்சை அணைத்தேன். அதற்கு முன் ஃப்ரீசரைத் திறந்து அக்சாவின் புரதக் குப்பிகளில் சிலவற்றை மட்டும் எடுத்து என் குட்டி ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தேன். அவள் உழைப்பை அடியோடு அழிக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. விடுமுறை முடியும் முன் வந்து சுவிட்சைப் போட்டேன். மற்றவர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், அந்தப் புரதம் மட்டும் ஒருமுறை உருகி உறைந்தால் செத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதே வெள்ளை ஐஸ்தான்.

பொங்கலுக்குப் பிறகு பாட்டு நின்றுவிட்டது. அவள் புதிதாக எல்லாவற்றையும் தயாரித்தாள். ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போனாள். அப்போதும் நான் கையை நீட்டினேன். திரும்பி வந்து சோதித்துப் பார்த்த அன்று, அவளாகவே என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“என்ன தப்பு பண்ணுதேன்னே தெரியலக்கா. எல்லாத்தையும் அப்படியேதான் செய்யுதேன்.”

எங்கள் ஆய்வகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். தட்டில் நுண்ணுயிர் வளர்க்கிற வேலைக்குக் கைராசி வேண்டும் என்று பாதி விளையாட்டாகவும் பாதி நம்பிக்கையாகவும் பேசிக்கொள்வார்கள். அது நினைவுக்கு வந்தது.

“நீ ஒரு தப்பும் பண்ணல. கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா. அது சில நேரம் நம்மள விட்டுப் போயிரும். அதுக்கு நீ என்ன செய்வ?”

“எங்க வீட்ல இதையெல்லாம் நம்ப மாட்டாவக்கா.”

“நம்ப வேண்டாம். சும்மா சொன்னேன்.”

சும்மாதான் சொன்னேன். ஆய்வகத்தில் இன்னும் இருவரிடமும் சும்மாதான் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் தங்கள் தட்டுகளை அக்சா தொடுவதற்கு முன் எடுத்து வைத்துக்கொண்டார்கள். யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் நாகரிகமானவர்கள்.

ஒரு நாள் அவள் கேட்டாள். “அக்கா, நீங்க ஒரு தடவ ஊத்திப் பாக்கீங்களா? எங்கையி படாம, குப்பி எடுக்கிறதுலருந்து எல்லாமே நீங்களே செய்யுங்க. நான் தள்ளி நின்னு பாக்கேன்.”

நான் மறுத்திருக்கலாம். ஆனால் உதவி என்று கேட்டு வந்தவரை நான் திருப்பி அனுப்பியதே இல்லை. எத்தனையோ வருடம் கழித்து வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். என் குட்டி ஃப்ரிட்ஜில் இருந்த குப்பிகளில் ஒன்றைக் கோட்டுப் பையில் எடுத்துப்போய், பெரிய ஃப்ரீசருக்குள் கைவிட்டு அங்கிருந்து எடுத்ததுபோல எடுத்தேன். அழுகல் பூஞ்சை வளர்ந்திருந்த தட்டில் ஒரு சொட்டு விட்டேன். பக்கத்துத் தட்டில், தன் குப்பியிலிருந்து அவளும் ஒரு சொட்டு விட்டாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தோம். என் சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றிப் பூஞ்சை விலகி, வட்டமாகத் தெளிந்திருந்தது. அவளுடைய தட்டு முழுக்கப் பூத்துக் கிடந்தது.

அவள் அழவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சரிக்கா” என்றாள். அன்றைக்கு என் தோளில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிறைவாக இருந்ததில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் போயிற்று. ஜெர்மனியும் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை மடலில், மனம் தளர்ந்தவர்கள் தயங்காமல் மையத்துக்கு வரவும் என்று தடித்த எழுத்தில் போட்டேன். அதைப் பார்க்க அவள் இல்லை. விடுதியைக் காலி செய்துவிட்டு சோழபுரத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே அவள் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் போய்ப் பார்த்ததாகச் சொன்னீர்கள். எனக்கு உங்களுக்கு முன்பே தெரியும். வீட்டில் எதையும் தொட மாட்டாள். பால் காய்ச்சினால் திரிந்துவிடும் என்பாள். மாவு கரைத்தால் புளித்துப்போகும் என்பாள். கைகளைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தையை மடியில் வைக்கப் போனபோது அக்சா சுவரோடு ஒண்டிக்கொண்டு, “வேண்டாம், எங்கிட்ட தராதீங்க” என்று கத்தினாளாம். சோற்றில்கூடக் கை வைக்க மாட்டாள். அவளுடைய அம்மா இன்பம்தான் எனக்கு போன் செய்தார்கள்.

“நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்கம்மா. ஒங்க பேரத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா.”

சனிக்கிழமைதோறும் போகிறேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறும் முன் அவளுக்குப் பிடித்ததாக ஏதாவது வாங்கிக்கொள்வேன். சோற்றைப் பிசைந்து ஊட்டுவேன். மற்றவர்கள் ஊட்டினால் இரண்டு வாயோடு சரி. நான் ஊட்டினால் முழுதாகச் சாப்பிடுகிறாள். “அக்கா கையி ராசியான கையி” என்று அம்மாவிடம் சொல்கிறாள். இன்பம் அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவள் போன பிறகு இங்கே நாற்காலி மறுபடியும் காலியாகிவிட்டது. சனிக்கிழமை ஒரு நாள் போதவில்லை. அதனால்தான் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டபோது மறுபடியும் சுவிட்சை அணைத்தேன். அக்சாவின் இடத்துக்குப் புதிதாக வந்திருந்த வினோத் வீட்டில் ஐஸ்கிரீம் கடை. கரண்ட் போய் வந்ததா என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைப்பார்களாம். ஐஸ் உருகினால் காசு அடிக்குப் போய்விடும், மறுபடி உறைந்தாலும் அங்கேயே இருக்கும். யாரிடமும் சொல்லாமல் அவன் இங்கேயும் ஒரு டம்ளரை வைத்திருக்கிறான். விடுமுறை முடிந்து வந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தான்.

“அக்கா, காசு அடியில கெடக்கு. ஆனா ஐஸ் கெட்டியா இருக்கு. கரண்ட் போகவே இல்லையாம். யாரோ அணச்சுட்டு மறுபடி போட்டிருக்காங்க.”

பேசிக்கொண்டே என் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். உட்காரச் சொல்லி டீ போடப் போனேன். அவன் உட்காரவில்லை, ராஜரத்தினம் சாரிடம் போய்விட்டான்.

நான் எதையும் மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன். மீதிக் குப்பிகள் என் குட்டி ஃப்ரிட்ஜில்தான் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ராஜரத்தினம் சாரும் சோழபுரத்துக்குப் போய் அக்சாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகக் கேள்விப்பட்டேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்கு எடுத்துக்காட்டப் போகிறீர்களாம். அது அவளுக்கு நல்லதில்லை, ஐயா. இப்போதுதான் அந்தப் பெண்ணின் மனம் ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது. என்னையும் அவளிடமிருந்து பிரித்துவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், வழக்குப் போடுங்கள். சனிக்கிழமை மட்டும் என்னைப் போகவிடுங்கள். நான் போய் ஊட்டாவிட்டால் அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கும். அந்தப் பாவத்தை என்னால் செய்ய முடியாது.