மூடி போடாத கஷாயம்

கஷாயம் கொதிக்கும்போது பாத்திரத்தை மூடக் கூடாது. மூடினால் மருதம்பட்டையின் சத்தெல்லாம் மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கணவரின் கண்டுபிடிப்பு. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பூகோளம் நடத்தியவர். எதைச் சொன்னாலும் எதிரில் நாற்பது பேர் உட்கார்ந்து குறிப்பெடுப்பதுபோலவே சொல்வார். நீங்கள் இப்படி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவள். மாரடைப்பு வந்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது வாங்கிப் போகிற மாத்திரைகளை அந்த ஜன்னலில் நின்று எத்தனை ஆயிரம் பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் கணவருக்கும் அதே நெஞ்சுவலி வந்தது, அதே நாலு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் விழுங்கினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் யாரோ மருதம்பட்டையைப் பற்றிச் சொல்ல, மாத்திரை அட்டைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து நின்றார். இதை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று சொன்னேன்.

"நீ ஜன்னல் வழியா எடுத்து நீட்டினதோட சரி. அதுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

குப்பைக்கூடையிலிருந்து அட்டைகளை எடுத்துத் துடைத்து வைத்தேன். மறுநாள் காலையிலிருந்து மாத்திரைகளைச் சின்னக் கல் உரலில் பொடித்து அவருடைய கஷாயத்தில் கலந்தேன். மருதம்பட்டையும் பூண்டும் சேர்ந்த நாற்றத்தில் எதைக் கலந்தாலும் தெரியாது. நாலில் ஒன்று மட்டும் மெல்லக் கரையும் வகை, அதைப் பொடிக்கக் கூடாது. டாக்டரிடம் போய், அவர் மாத்திரை விழுங்கச் சிரமப்படுகிறார் என்று சொல்லி வேறு வகைக்கு மாற்றி வாங்கினேன். அது பொய்யில்லை. மாத்திரை விழுங்குவதில் அவருக்குக் கொள்கை அளவில் சிரமம் இருந்தது.

இப்படி ஏழு வருடம். தினமும் காலையில் கையில் பட்டியைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார், முதல் பக்கத்தில் கஷாயப் பக்குவம் எழுதிய ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். நூற்றி முப்பது, நூற்றி இருபத்தெட்டு, நூற்றி முப்பது. அந்த நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பூங்காவுக்கு நடக்கப் போவார். அங்கே அவருக்குப் பட்டை வாத்தியார் என்று பெயர். நடந்து களைத்தவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, இதயத்தைப் படம் வரைந்து, ரத்தக் குழாயை ஆற்றோடு ஒப்பிட்டு, மாத்திரை தின்பவர்கள் எல்லாம் மடையர்கள் என்று முடிப்பார். தலையாட்டியவர்கள் படித்தவர்கள்தான். பெரிய பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு வாத்தியார் குரலை உயர்த்தினால் போதும், மனிதர்களுக்கு மறுபடியும் எட்டு வயது ஆகிவிடுகிறது.

நாத்தனாரைப் பற்றிக் கேட்டீர்கள். அவருடைய ஒரே தங்கை. பல வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவள். உறவுக்காரர்கள் நடுவில் என்னை மாத்திரைக்காரி என்றுதான் சொல்வாள், பிறகு தானே சிரித்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. அண்ணன் மாத்திரையே சாப்பிடறதில்லையா?"

"உங்க அண்ணன் ஏழு வருஷமா ஒரு மாத்திரையக் கையால தொட்டதில்ல" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கஷாயம் வைக்கும் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் மருதம்பட்டையும் வாங்கிக்கொண்டு போனாள். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. சாயங்காலத்துக்குள் அண்ணன் காதுக்குப் போயிருக்கும். அவர் கஷாயத்தை நிறுத்தியிருப்பார். அவர் உயிரைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு, அவள் உயிர் அவளுடைய பொறுப்பு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் என் அறிவை நம்பி வந்து கேட்கவில்லை. அண்ணன் சொன்னது சரிதான் என்று என் வாயால் கேட்க வந்தாள். அதைத்தான் கொடுத்தேன்.

மாத்திரையை நிறுத்திய ஐந்தாவது மாதம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தாள். இரண்டு நாள் இருந்தாள்.

என் கணவர் அழுதார், இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்று அரைகுறையாக முனகியிருந்தாலும் போதும். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூடி போட்டுக் கொதிக்க வெச்சிருப்பா. சொன்னா கேக்கற ஜென்மமா அது" என்றார். பிறகு கஷாயம் எங்கே என்று கேட்டார்.

அன்று கொடுத்தேன். அதற்கு மறுநாள் உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மருதம்பட்டையும் பூண்டும் மட்டும் போட்டு, மூடாமல் கொதிக்கவைத்து, அவர் சொன்ன பக்குவத்தில் ஒரு குறையும் இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். இத்தனை வருடமாக ஏதோ ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டே இருந்ததாம், இன்றைக்குத்தான் எனக்குப் பக்குவம் கைவந்திருக்கிறதாம். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என் கைப்பக்குவத்தை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

பன்னிரண்டாம் நாள் கருவி நூற்றி எண்பத்தாறு காட்டியது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியைத் தட்டினார், பேட்டரியை மாற்றினார், மறுபடி பார்த்தார். நூற்றி தொண்ணூறு. பேனாவை எடுத்து நோட்டில் நூற்றி முப்பது என்று அழகான கையெழுத்தில் எழுதினார். அன்று அவர் உண்மையான எண்ணை எழுதியிருந்தால் நான் உரலைத் திரும்ப எடுத்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இருபத்து மூன்றாம் நாள் காலை, பூங்காவுக்குப் போக ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். கஷாயம் என்றார். சூடாகத்தான் கொடுத்தேன். டம்ளர் கையில் நிற்கவில்லை, நானே பிடித்துக் குடிக்க வைத்தேன். முழு டம்ளரும் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். டம்ளரைக் கழுவி வைத்த பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அலமாரியில் நீங்கள் எடுத்த பிரிக்காத அட்டைகள் அவருடையவைதான். நான் வழக்கம்போல வாங்கி வந்தேன். வாங்காவிட்டால் டாக்டர் ஏன் என்று கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டி வரும்.

நோட்டு வீட்டில் கிடைக்காது. துக்கம் விசாரிக்கப் பூங்காக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பேங்க் மேனேஜராக இருந்தவர், போன வருடம்தான் நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். வாத்தியாருடைய பக்குவம் அவரோடு போய்விடக் கூடாது என்றார். மாத்திரை இல்லாமல் இது மட்டும் போதுமா என்றும் கேட்டார். கடைசி மூன்று வாரம் அவர் இதைத் தவிர வேறெந்த மருந்தும் சாப்பிடவில்லை என்று சொல்லி நோட்டைக் கொடுத்தேன். நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எத்தனை பேர் என்று தெரியாது. எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். என் நாத்தனார் சாவாள் என்று தெரிந்தேதான் அவளை அனுப்பினேன். என் கணவர் சாவார் என்று தெரிந்தேதான் உரலைக் கவிழ்த்தேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அந்த வீட்டில் பொய் எழுதியவர் அவர் ஒருத்தர்தான்.