நடுவில் குழி விழுந்த கேக்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சன்னலோரம் இருந்தவள் மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த வருஷம் கேக் நல்லா உப்பி வந்துச்சுக்கா. பார்த்ததும் அழுதுட்டேன்."

"நல்லா வந்ததுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

"வருஷா வருஷம் நடுவுல குழி விழும். சோடா ஜாஸ்தியா, தீ கம்மியான்னு ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன். குக்கர் அடியில போடுற மணலைக்கூட மாத்துனேன். இந்த வாட்டி எதையும் மாத்தலை. ஆனா அவர் இல்லாத மொத கிறிஸ்துமஸ்."

"அதுக்கும் கேக்குக்கும் இன்னாடி?"

"பொண்ணு இப்பதான் சொன்னா. நான் குளிக்கப் போனதும் அவங்கப்பா குக்கர் மூடியைத் தொறந்து தொறந்து பார்ப்பாராம். பாதி வேகுறப்ப தொறந்தா நடுவுல அமுங்காம இன்னா செய்யும்? தோல் பதப்படுத்துற ஷாப்புல அந்த நாத்தத்துலயே இருந்து இருந்து அவருக்கு வாசனையே தெரியாம போச்சில்ல? கேக் கருகுனாலும் தெரியாதேன்னு பயம். அம்மாகிட்ட சொல்லாதன்னு வேற சொல்லி வெச்சிருக்கார்."

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பிறகு பெரியவள் கேட்டாள்:

"கல்லறைக்கு அந்தக் கேக்கைத்தான் எடுத்துட்டு வர்றியா?"

"அத அக்கம்பக்கத்துல குடுத்துட்டேன். இது காலையில வேற செஞ்சது."

பாக்ஸைத் திறந்து காட்டினாள்.

"பாதி வேகும்போது நானே மூடியைத் தொறந்துட்டேங்க்கா."