லைனில் இன்னொருத்தர்

"ஹலோ... ஹலோ, வேலூர்தானே? ... ஆமா, ஆம்பூர்லேர்ந்து. வக்கீல் கோதண்டராமன் வீடுங்களா? ... மாமா, நான்தான், செங்கல்வராயன்... வெச்சிடாதீங்க மாமா, வெச்சிடாதீங்க. இந்த டிரங்க் கால் கெடைக்க முக்கா மணி நேரம் ஆச்சு."

செங்கல்வராயன் அப்துல் கரீம் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தா. ஆள் கொஞ்சம் குட்டை. சுவரில் மாட்டிய டெலிபோனின் வாய்க்கு எட்டுவதற்காகக் கால்விரல்களில் நின்றுகொண்டிருந்தான். முதலாளி வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். சந்தைத் திடலில் மேடை போட்டு, கடவுள் இல்லை என்று ஒன்றரை மணி நேரம் பேசிய பிள்ளைக்கு, முதலாளி கடவுளைத் தொழப் போன நேரத்தில்தான் டெலிபோன் கிடைத்தது. அந்த வேடிக்கை அவனுக்கும் புரியாமலில்லை. சிரிக்கத்தான் நேரமில்லை.

அந்த மேடைப் பேச்சு அவனுக்கு முன்னால் ரயிலேறி வேலூருக்குப் போய்விட்டது. அவன் தாயாரின் ஒன்றுவிட்ட அண்ணன் கோதண்டராமன், நாஸ்திகனுக்குப் பெண் கிடையாது என்று எழுதிவிட்டார். பெண் என்றால் அவர் மகள் பங்கஜம். ஞாயிற்றுக்கிழமை திமிரியிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வருகிறார்கள்.

"ஆமா மாமா, ஆமா... கடுதாசியில நீங்கதானே எழுதியிருந்தீங்க? கடவுள் உண்டுன்னு என் வாயால ஒரு வாதம் சொல்லணும், நீங்க குறுக்கு விசாரணை பண்ணுவீங்க, வாதம் நின்னுச்சுன்னா திமிரிக்காரங்களை வரவேணாம்னு சொல்லிடுவேன்னு... ஆமா... ஒண்ணு இல்ல மாமா, ரெண்டு வெச்சிருக்கேன்... மூணு நிமிஷம்தானா? அது தெரியும். இப்பத்தான் எக்ஸ்சேஞ்ச்காரர் மூக்கடைச்ச குரல்ல சொல்லிட்டுப் போனாரு."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"இங்க ஷாப்புக்குப் பச்சைத் தோல் வருது. அது தானா பதமாவுமா? ... ஆவாது இல்ல? சுண்ணாம்புத் தொட்டியில போடணும், மயிர் எடுக்கணும், ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊற வெக்கணும். ஒரு ஆட்டுத் தோலுக்கே இத்தினி கை வேணும்னா, இந்த ஆகாசம், பூமி, ஆடு, ஆட்டுக்குள்ள இருக்கற ஈரல் வரைக்கும் ஒருத்தரும் இல்லாம... ஆங்? ... இங்க எத்தினி பேரு வேலை பண்றாங்கன்னா? முப்பது பேரு... ஆமா, முப்பது... இல்ல மாமா, அதுக்காவ முப்பது கடவுள்னு நான் சொல்லல... எப்ப சொன்னேன்? ... தோலைப் பாத்தா பண்ணவங்க ஒருத்தரா முப்பது பேரான்னு தெரியாதுதான்... பண்ணவன் உயிரோட இருக்கானா செத்துட்டானான்னும் தெரியாது... ஒத்துக்கறேன்... ஒத்துக்கறேன்னேனே."

காதில் குழாயை இடுக்கிக்கொண்டு அவன் ஒரு காகிதத்தை இழுத்தான்.

"ஒண்ணுமில்ல மாமா, பேனா சத்தம்... சும்மா குறிச்சு வெச்சுக்கறேன். உயிரோட இருக்கானான்னு கேட்டீங்க பாருங்க, அது எனக்குத் தோணவே இல்ல. அடுத்த மாசம் வாணியம்பாடியில ஒரு கூட்டம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இல்ல, இல்ல. போவமாட்டேன். கிழிச்சுப் போட்டுட்டேன்."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"ரெண்டாவது சொல்றேன், கேளுங்க. தொட்டியில போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தோல்லயும் வால் பக்கம் குறி வெட்டறோம். நாலு பேரு சரக்கு ஒண்ணாக் கலந்தாலும் குறியைப் பாத்தா இது கரீம் சாயபுவோடதுன்னு தெரிஞ்சுடும். அதே மாதிரி மனுஷன் மனசுல நல்லது கெட்டதுன்னு ஒரு குறி இருக்குது. குறி இருந்தா சொந்தக்காரன் இருந்தாவணும்... என்னா கேஸு? ... பேரணாம்பட்டா? ... அடுத்தவன் தோல்ல தன் குறியை வெட்டிட்டானா? ... யாரு வெட்டினது? ... உங்க கட்சிக்காரனா? ... ஜெயிச்சிட்டீங்களா மாமா?"

அவன் குழாயை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான். கடவுளுக்காகப் பேச வந்தவன் பாவம், சொந்த மாமனையே நாஸ்திகனாகப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

"இல்ல மாமா, நெத்தி நெறைய நாமம் போட்டுக்கிட்டு நீங்க இப்படிப் பேசறது நல்லாவா இருக்குது? ... நான் பேசினதைவிட ஜாஸ்தியா பேசறீங்களே... சாட்சியே இல்லாம நம்பறதுதான் பக்தியா? அப்ப என்னை மட்டும் எதுக்குச் சாட்சி கேக்கறீங்க? ... ஆங்... பொண்ணு உங்களுதுதான். ஆமா... ஆமா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பேச ஆரம்பித்துப் பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. மூன்று நிமிஷம் முடிந்த உடனே ஒரு குரல் குறுக்கிட்டுப் பேச்சைக் கத்தரிப்பதுதான் வழக்கம். மண்டிக்காரர்களே கெஞ்சினாலும் நடக்காது. இன்று அந்தக் குரல் வரவில்லை. செங்கல்வராயனுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"மாமா, மூணாவது ஒண்ணு இருக்குது... ரெண்டுன்னு சொன்னேன்தான். இது இப்ப வந்தது... உங்க கடிகாரத்தைப் பாருங்க... பதினொண்ணு. நாம பேசறதை ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். நம்ம கண்ணுக்குத் தெரியமாட்டார். அவர் இல்லாம நீங்களும் நானும் பேசியிருக்கவே முடியாது. நேரம் முடிஞ்சும் அறுக்காம விட்டிருக்கார், தயவுதான்... அதான் மாமா, அதேதான். கடவுளும் அப்படித்தான்... தூங்கிட்டிருப்பாரா? ... டீ குடிக்கப் போயிருப்பாரா? ... கூப்பிட்டுப் பாக்கறதா? ... பதில் வந்தா ஒத்துக்குவீங்களா? ... வரலன்னா? ... சரி. திமிரிக்காரங்க வரட்டும். சரி."

டெலிபோனின் வாய்க்கு இன்னும் கிட்டே எம்பினான்.

"எக்ஸ்சேஞ்ச் சார்... சார், லைன்ல இருக்கீங்களா? ... ஒரே ஒரு வார்த்தை சார்..."

கம்பி மட்டும் இரைந்தது. அங்கிருப்பவர் வாயைத் திறக்கமாட்டார் என்பது அவனுக்குத் தெரியாமலா? திறந்தால் ஒட்டுக் கேட்டது வெளியே வந்து வேலை போய்விடும். அதைச் சொன்னால் வக்கீல் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார். பங்கஜம் திமிரியில் வேறொருவன் வீட்டில் இருப்பதை நினைத்தான். தாங்க முடியாத துக்கமாக இருந்தது.

"இருக்கேன் மாமா... இல்ல, பதில் வரல... ஆமா, நானும் கேட்டுக்கிட்டுத்தான்..."

அப்போது காதுக்குள் ஒரு தும்மல் வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த தும்மல். தொடர்ந்து அவசரமாக ஒரு மூக்குறிஞ்சல்.

"மாமா... கேட்டுதா? ... கேட்டுது இல்ல? ... நான் தும்மல. நீங்களா? ... பெருமாள் மேல ஆணையா இல்லியே? ... அப்ப யாரு மாமா?"

செங்கல்வராயன் குழாயைக் காதிலிருந்து அரையடி தள்ளிப் பிடித்தான். வேலூரிலிருந்து வந்த சிரிப்பு அத்தனை பெரிது. முகமெல்லாம் மலர்ந்து அவனும் சிரித்தான். அடுத்து வந்த கேள்விக்கு அந்தச் சிரிப்பு நின்றது.

"இப்ப நான் நம்பறேனான்னா? ... தும்மினவரை நம்பறேன் மாமா. அதுக்கு மேல... எனக்குத் தெரியல. உண்டுன்னு சொல்லிடலாம், நாக்கு ஒண்ணும் தேயாது. ஆனா கல்யாணத்துக்காவப் பொய் சொன்னேன்னு நாளைக்குப் பங்கஜத்துக்குத் தெரிஞ்சா, அது மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? ... ஆமா... ஆமா மாமா... ஆங்? ... திமிரிக்கு இப்பவே தந்தியா? ... நெஜமாவா? ... அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை... வர்றேன் மாமா, கண்டிப்பா வர்றேன்... வாணியம்பாடியா? ... நீங்க எதுக்கு அங்க? ... என்னை எதிர்த்துப் பேசவா? ... வாங்க மாமா, பாத்துக்கலாம்... கொஞ்சம் இருங்க. சார், எக்ஸ்சேஞ்ச் சார், நீங்களும் கல்யாணத்துக்கு வந்துடணும். பத்திரிகை வெக்கலாம்னா பேரு தெரியல. உங்க பேரு என்னா சா..."

டக்கென்று லைன் அறுந்தது.

செங்கல்வராயன் குழாயைக் கொக்கியில் மாட்டினான். மனசு நிறைந்திருந்தது. யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. சொல்ல எதிரே ஆளில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே இரண்டு கையும் சேர்த்து டெலிபோனைக் கும்பிட்டான்.

தொழுகை முடிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்த அப்துல் கரீம் சாயபு, தம் குமாஸ்தா நிற்கும் நிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றார். பிறகு சத்தம் போடாமல் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, அவன் முடிக்கட்டும் என்று வெளியே காத்திருந்தார்.