பிசிறு

பாடுகிறவர்களுக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதில் நான் எப்போதுமே கண்டிப்பு. எங்கள் ஸ்டூடியோவில் ஃப்ரிட்ஜே கிடையாது. சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஃப்ளாஸ்க்கில் இருக்கும், அதிமதுரத் துண்டு ஒரு டப்பாவில் இருக்கும். யார் பாட வந்தாலும் இரண்டு மடக்கு குடித்துவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்க வேண்டும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தொண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் செய்த காரியம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். தெரிந்துதான் செய்தேன்.

என் பெயர் சூர்யபிரகாஷ். குத்தாலத்தில் ‘வண்டல் மியூசிக்’ என்னுடைய கம்பெனி. அப்பா நெல் மண்டி வைத்திருந்த கிடங்கைத்தான் ஸ்டூடியோவாக மாற்றினேன். சினிமாவுக்குப் போகாத பாட்டுகளை நாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, படம் பிடித்து யூடியூபில் விடுகிறோம். பரிதி எங்கள் பாடகன். அவனை உங்களுக்கும் தெரியும். சற்று முன் நான் உள்ளே வரும்போது உங்கள் ஏட்டையாவின் போன் அவன் பாட்டில்தான் அடித்தது.

அந்தப் பரிதிக்கு இப்போது குரல் கிடையாது. போன மாதம் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை வைத்து அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறான். முப்பத்துநான்கு வயது. எல்லாம் தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தலையெழுத்து இல்லை, நான். யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன்.

பரிதி குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். உர மூட்டை ஏற்றுவான், பந்தல் சாமான் ஏற்றுவான், சாயங்காலம் திருவிழா மேடையில் பாடுவான். தெளிந்த குரல், மேலே போனாலும் அலுங்காது. அப்பா மூட்டைக்குள் கையை விட்டே நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்குக் குரலில் அந்தப் பழக்கம். கேட்ட அன்றே ஒப்பந்தம் தயார் செய்தேன். இருபது பாட்டு. இருபதும் கம்பெனி தருகிற பாட்டு, கம்பெனி சொல்கிற மாதிரி. அது முடியும்வரை சொந்தப் பாட்டை மேடையில் பாடக் கூடாது, போனில் பதிவு செய்தும் போடக் கூடாது. படித்துப் பாரடா என்று காகிதத்தை நீட்டினேன்.

“நீங்க படிச்சிட்டீங்கல்லண்ணே. கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க,” என்றான்.

இடத்தைக் காட்டினேன். எல்லாக் கம்பெனியும் செய்வதுதான் சார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

ஒன்பதாவது பாட்டில் அந்தப் பிசிறு வந்தது. காதல் தோல்விப் பாட்டு. பல்லவியின் கடைசியில் ‘வரமாட்டியா’ என்று இழுக்கிற இடத்தில் குரல் கிழிந்து, காற்று மட்டும் போய், பிறகு சேர்ந்துகொண்டது. பரிதி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “அண்ணே, பிசிறடிக்குது. இன்னொரு தடவை போயிடுவோம்,” என்றான். இருக்கட்டும் என்றேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. அது நடிப்பில்லாத வலி, அதை யாராலும் சொல்லிக்கொடுத்துப் பாட வைக்க முடியாது.

ஒரே மாதம்தான். மினி பஸ்ஸில் அது, அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள் போனில் அது, கல்யாண மண்டபத்தில் அது. கமெண்டில் ஒருவர், ‘அந்தப் பிசிறுக்கே உசுரக் குடுக்கலாம்’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வந்த பாட்டுகளை எல்லாம் அந்தப் பிசிறுக்குத் தகுந்த மாதிரியே எழுத வைத்தேன்.

பரிதிக்கு அது பிடிக்கவில்லை. “இது என் குரல் இல்லண்ணே. தொண்டை கட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, அதப் போயி ஸ்டைலுங்கிறீங்க,” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவனிடம் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டது. அவன் அப்பா வீரையன் கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். ஆற்றில் தண்ணீர் விட்டு இத்தனை நாள் ஆச்சு, நம் வாய்க்காலுக்கு வந்ததா என்று தினமும் போய்ப் பார்த்து நிற்பாராம்.

‘கடைமடைக்குத் தண்ணி வந்தா சொல்லி அனுப்புங்க
காத்திருந்தே காலு ரெண்டும் வேருவிட்டுச்சுங்க’

இப்படித் தொடங்கும். நல்ல பாட்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைத் தெளிந்த குரலில்தான் பாட முடியும். ‘வண்டல்’ பரிதி என்றால் ஜனங்களுக்கு வேறு குரல். இருபது முடியட்டும், அப்புறம் உன் பாட்டு என்றேன்.

அவன் பொறுக்கவில்லை. தரங்கம்பாடியில் ஒரு கச்சேரியில், தொண்டை ஓரளவு சரியாக இருந்த ஒரு நாள், அந்தப் பாட்டைப் பாடிவிட்டான். கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்த சனம் எழுந்து நின்று கை தட்டியதாம். யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். பாட்டு கம்பெனியுடையது என்று யூடியூபுக்கு எழுதிப் போட்டு அதை எடுக்க வைத்தேன். மறுநாள் ஸ்டூடியோவுக்கு வந்தான். “என் பாட்டுக்கு நானே திருடனாண்ணே?” என்று கேட்டான். கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் ஒப்பந்தத்தின் பத்தியைக் காட்டினேன். இனிமேல் கச்சேரிக்காரர்கள் அவனை நேராகப் பிடிக்கக் கூடாது என்று அவன் பழைய சிம்மையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்த நம்பர் அது. அதை இன்னொரு போனில் போட்டேன்; அவன் படம் போட்ட வாட்ஸ்அப்போடு அந்த போன் அன்றிலிருந்து என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்குப் பேச அவனுக்குப் புது நம்பர் வாங்கிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது பாட்டு முடிந்தபோது சோறு விழுங்கினால் வலிக்கிறது என்றான். அவன் மனைவி அம்சம் விடவில்லை. நானே காரில் அவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கவுண்டரில் போன் நம்பர் கேட்டபோது பரிதி பழக்கத்தில் பழைய நம்பரைச் சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்பதை மட்டும் நம்புங்கள்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ரிப்போர்ட் அந்த போனுக்கு வந்தது. ஐப்பசி மழை, ஸ்டூடியோ தகரத்தில் சத்தம் அதிகம் என்று ரெக்கார்டிங்கை நிறுத்தி வைத்திருந்தோம். படித்தேன். புற்று என்று இருந்தது. சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்தே ஓர் அம்மா பேசினார். அவனுக்கு அண்ணன் என்று சொல்லிக்கொண்டேன். ஆரம்ப நிலைதான், ஆறேழு வாரம் கதிர்வீச்சு கொடுத்தால் போதும், குரல் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும் என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“இப்ப இருக்கிற கரகரப்பு போயிடுமா மேடம்?”

“போயிடும் சார், கவலப்படாதீங்க,” என்றார் அந்த அம்மா.

எட்டுப் பாட்டு பாக்கி இருந்தது சார்.

அன்று மத்தியானமே பரிதி வந்து, ரிப்போர்ட் பற்றி ஆஸ்பத்திரியில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டான். வெறும் வீக்கம்தான், ஒன்றும் இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாயங்காலம் அம்சம் ஒரு தூக்கில் கேசரி கிண்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். முந்திரி நிறையப் போட்டிருந்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பொங்கல் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு கோயில் திருவிழாக்கள் வந்தன. ஒவ்வொரு பாட்டும் முந்தின பாட்டைவிடக் கிழிந்து வந்தது, ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஓடியது. நான் அவனைக் கொடுமைப்படுத்தவில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாட விடமாட்டேன். வெந்நீர் என் கையாலேயே ஊற்றிக் கொடுப்பேன். பதினெட்டாவது பாட்டில் இருமினான், கைக்குட்டையில் சிவப்பு இருந்தது. வறட்சிடா, அதிமதுரத்தை வாயில் போட்டுக்கொள் என்றேன். அவன் போட்டுக்கொண்டான். அதற்கு அடுத்து எடுத்ததுதான் உங்கள் ஏட்டையாவின் போனில் இருக்கிற பாட்டு.

ஆனி மாதம் இருபதாவதும் முடிந்தது. மைக்கை விட்டு வந்து, “இனி எம் பாட்டுதானண்ணே?” என்று கேட்டான். கேட்டது சத்தமாக வரவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஆமாம் என்றேன். வாக்கு மாறுகிறவன் இல்லை நான்.

அவனால் ஒரு வரிகூடப் பாட முடியவில்லை. அம்சம்தான் பஸ் பிடித்து அவனை அழைத்துப்போனாள், இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரிக்கு. அங்கே பழைய ரிப்போர்ட் எதுவும் இல்லை. இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் அவனைத் திட்டினாராம். ஆபரேஷன் முடிந்து நான் பார்க்கப் போனபோது பரிதி ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டினான்: ‘நான்தான் அசால்ட்டா இருந்துட்டேண்ணே. நீங்க அன்னிக்கே கூட்டிட்டுப் போனீங்க.’ அன்றிலிருந்து கண்ணாடியில் என் கழுத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பாவி சார். இந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் மறுபடி கேட்கவில்லை என்று நீங்கள் யோசிப்பீர்கள். கேட்டார்கள். மூன்று முறை அழைத்தார்கள், நான் எடுக்கவில்லை. பிறகு, ‘உடனே வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்’ என்று மெசேஜ் அனுப்பினார்கள். அதற்குப் பதில் போனது. ‘மேடம், நான் பரிதி. வேற ஆஸ்பத்திரில வைத்தியம் ஆரம்பிச்சிட்டேங்க. உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றிங்க.’ கூடவே ஒரு கும்பிடு படம். நான்தான் போட்டேன். அவன் படத்தோடு, அவன் பேசுகிற மாதிரியே. பிறகு அவர்கள் கேட்கவில்லை. அந்த போனை இதோ மேஜைமேல் வைத்திருக்கிறேன். எதையும் அழிக்கவில்லை.

பரிகாரமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. அவன் எங்களிடம் முதன்முதலில் பாடின தெளிந்த குரல் கம்ப்யூட்டரில் மணிக்கணக்கில் இருக்கிறது. இப்போதெல்லாம் அந்தக் குரலை மெஷினுக்குப் பழக்கிக் கொடுத்தால் அதுவே புதுப் பாட்டைப் பாடிவிடும். அவனுடைய கடைமடைப் பாட்டை அப்படிப் பாட வைத்தேன். மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் சரி பார்த்தேன். ஒரு பிசிறு கிடையாது. இன்று காலை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பரிதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கழுத்தில் வெள்ளைத் துணி. அம்சம் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். பாட்டைப் போட்டேன். அவன் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டான். பிறகு நோட்டை எடுத்து எழுதினான்: ‘நல்லாப் பாடறான். யாருண்ணே?’

“நீதான்டா,” என்றேன்.

என்னைப் பார்த்தான். ‘நான் இதப் பாடலியேண்ணே’ என்று எழுதினான். அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டான்.

அம்சம் வந்து போனை அணைத்தாள். “அவரு வாயால ஒரு தடவையாவது இதப் பாடிப்புடணும்னு கெடந்தாருண்ணே. நீங்க யாரையோ பாட வெச்சுட்டு, இவருதான்னு சொல்றீங்க. எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

இவ்வளவுதான். ரிப்போர்ட்டை மறைத்தது நான், பொய் சொன்னது நான், அவன் பெயரில் பதில் போட்டது நான். இருபது பாட்டுக்காக அவன் குரலை அழுக விட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

பரிதி தானாக வந்து புகார் கொடுக்க மாட்டான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் அண்ணன் என்று பேசாமல் இருந்துவிடுவான். ஆனால் பாதிக்கப்பட்டவன் தரப்பில் எழுத்தில் ஏதாவது இருந்தால் உங்களுக்கும் சௌகரியம் என்று தோன்றியது. அதனால் வருகிற வழியில் காரை ஓரமாக நிறுத்தி அதையும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், அவன் பெயரில், அவன் சொல்கிற மாதிரியே. அவன் எப்படிச் சொல்வான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்காது. கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.